வாய் இல்லாத பெண்ணுக்காகப் பேசப் போனவன்

ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நீங்க என் படத்துக்குப் பக்கத்துல நின்னு பேசணும்."

"எந்தப் படம்?"

"நான் வரைஞ்ச படம்."

"என்ன பேசறது?"

"பார்த்தா என்ன தோணுதோ அது."

அவ்வளவுதான். அவளுக்குக் கம்பெனி பஸ் ஆறு மணிக்கு, எனக்கு ஆறு பத்துக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். என் வயிறு மட்டும் உடனே பதில் சொல்ல ஆரம்பித்தது. எனக்குப் பயம் வந்தால் முதலில் தெரிவது வயிற்றுக்குத்தான். மூளைக்குத் தகவல் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும்.

நான் ஓசூர் சிப்காட்டில் வண்டிக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். வயது ஐம்பத்திரண்டு. பாகத்தை ஒரு கையிலும் அதன் டிராயிங்கை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, இது அது மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்தாறு வருசமாகச் செய்கிற வேலை. மீதி நேரமெல்லாம் ஜோக் அடிப்பேன். கல்யாண வீட்டில் என்னைச் சுற்றி நாற்காலி போடுவார்கள். துக்க வீட்டில் என்னைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைப்பார்கள். பிரேதத்துக்குப் பக்கத்தில் நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று சொந்தக்காரர்களுக்கு எப்போதும் ஒரு கவலை.

ஆறு மாதமாக அவள் ஞாயிறு மத்தியானங்களில் ஓவிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாகலூர் ரோட்டில் ஒரு நர்சரி ஸ்கூலின் மாடி. சொல்லித் தருகிற டீச்சர் அத்திபெலே பக்கத்துக் கன்னடக்காரம்மா. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கே ஒரு கண்காட்சி உண்டு. அதில் அந்த டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. அவர் வீட்டு ஆள் ஒருவர் படத்துக்குப் பக்கத்தில் நின்று, அதில் என்ன தெரிகிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்காகப் படத்தை ஒரு வாரம் முன்னாலேயே வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த ஒரு வாரமும் வரைந்தவர் வீட்டில்கூட விளக்கம் சொல்லக் கூடாது.

சந்தேகமாக இருந்ததால் அன்றைக்குச் சாயந்திரம் டீச்சருக்குப் போன் போட்டேன்.

"மேடம், எனக்குப் படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்க வேண்டாம் சார். வீட்ல இருக்கறவங்கதான் வேணும்."

"ஒரு சின்ன குறிப்பாச்சும் அவங்க கொடுத்தா..."

"இல்ல இல்ல. அவங்க மாத்தாடக் கூடாது. நீங்க மட்டும்தான் மாத்தாடணும்."

என் வாழ்க்கையில் பேசாதே என்று எனக்குச் சொன்னவர்கள் ஏராளம். பேசியே ஆக வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். ஆனாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு படத்துக்கு இவன் ஏன் இப்படி நடுங்குகிறான் என்று தோன்றும்.

என் மனைவி முன்பு கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். ஒன்பது வருசத்துக்கு முந்தி, கிறிஸ்துமஸ் கேரல் பாட வீடு வீடாகப் போனபோது, ஒரு வீட்டு வாசலில் தனியாக ஒரு சரணம் பாடினாள். மேலே போகிற இடத்தில் குரல் ஒரு தரம் உடைந்தது. அவ்வளவுதான், மற்றபடி நன்றாகவே பாடினாள். பாட்டு முடிந்ததும் ஒரு நிமிஷ அமைதி. அந்த அமைதியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். "சிப்காட் சிக்னல்ல மாட்டிக்கிட்ட ஆம்புலன்ஸ் மாதிரி இருந்துச்சு" என்றேன். முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாமியார்கூடச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் குழுவுக்குப் போகவில்லை. கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றாள். அந்தத் தொண்டை இன்றுவரை சரியாகவில்லை. சமையலறையில்கூட ஒரு வரி முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

கோயமுத்தூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் செவ்வாய்க்கிழமை போன் செய்தாள். அவளுக்கு விஷயம் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

"அப்பா, ஞாயித்துக்கிழமை நீங்கதான் பேசறீங்களாமே?"

"ஆமாம்மா."

"ஜோக் அடிக்காதீங்க."

"சின்னதா ஒண்ணு..."

"ஒண்ணுகூட வேணாம்ப்பா. அம்மா இதையும் விட்டுட்டாங்கன்னா அப்புறம் விடறதுக்கு அவங்ககிட்ட எதுவும் இல்ல."

போனை வைத்துவிட்டு ஜெலுசில் இரண்டு மாத்திரை சப்பினேன்.

இனி அந்தப் படம். ஹாலில் டிவிக்கு எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். முதல் பார்வையில், சாம்பாரைக் கொட்டிவிட்டு அவசரமாகத் துடைத்த மேசை மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. பழுப்பு, சாம்பல், கொஞ்சம் மங்கிய நீலம். கொஞ்ச நேரம் பார்த்த பிறகு அதிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெண் என்றால் முழுசாக இல்லை, உதிரி பாகமாக. மேலே ஒரு வெள்ளை வட்டம், அதில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிற மடிப்புக்கோடுகள். வட்டத்துக்குக் கீழே இரண்டு தோள்கள், அவற்றிலிருந்து முன்னால் நீளும் இரண்டு கைகள். வட்டத்துக்கு வலது பக்கம், ஒட்டினாற்போலவும் ஒட்டாதது போலவும் ஒரு மூக்கு. மூக்கோடு ஒரு கண், ஒரு காது. இன்னொரு கண் எங்கே என்று தேடினேன், இல்லை. மூக்குக்குக் கீழே வழவழவென்று சாம்பல் நிறம். வாய் இல்லை. இடது கை மணிக்கட்டிலிருந்து ஒரு நீலச் சுருள் கிளம்பி, கீழே இறங்கி, படத்துக்கு வெளியே போய்விட்டது.

புதன்கிழமை அவள் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் டேப்பை எடுத்து அளந்தேன். வேறென்ன செய்வது, எனக்குத் தெரிந்தது அதுதான். இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். மூக்கின் நீளம் எண்பத்தைந்து மில்லிமீட்டர். பழைய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்: வலது கண் இருக்கிறது, இடது கண் காணோம். காது ஒன்று குறைவு. வாய் காணோம். நீலச் சுருள், டிராயிங்கில் இல்லாத கூடுதல் பாகம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு பொருள் வந்தால் சிவப்பு டேக் கட்டி சப்ளையருக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன். சப்ளையர் கேட்டைத் திறந்துகொண்டு வருகிற சத்தம் கேட்டது. தாளைச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"என்ன, டேப்பு?" என்றாள்.

"டிவி ஸ்டாண்டு அளந்தேன்."

"அது அங்க இருக்கு, நீங்க இங்க நிக்கறீங்க."

பேச்சை மாற்ற, "ஏம்மா, இது யாரு? நீதானா?" என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதாம்" என்றாள். எனக்கென்னவோ அந்த விதி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போன மாதிரி இருந்தது.

மறுநாள் கேண்டீனில் டிசைன் செக்‌ஷன் தம்பியிடம் போனில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். அவன் வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், மேனேஜரைத் திட்டும்போது கன்னடம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏமண்ணா, இது அசெம்பிள் பண்ணாத கிட்டா?" என்றான்.

"உங்கண்ணி வரைஞ்சதுடா."

உடனே முகத்தைச் சரி செய்துகொண்டான். "நல்லா இருக்குண்ணா. ஆனா வாய் இல்லையே. வாய் இல்லாம வரைஞ்சாங்கன்னா... வீட்ல பேச விடறதில்லைன்னு அர்த்தம் வரும்."

"யாரை யாரு?"

"உங்களைத் தவிர வீட்ல பேசறது வேற யாருண்ணா?" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த வடையை எடுத்துக்கொண்டான். "இது பாருங்க, கையில கயிறு. கட்டிப் போட்டிருக்காங்க."

நீலச் சுருளை நான் அதுவரை கயிறு என்று நினைக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு எதுவாகவும் தெரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் ஒரு லாட் முழுக்க இரண்டு முறை செக் பண்ணினேன். முதல் முறை பார்த்ததில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.

அதே வியாழக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டில் அன்பியம். எங்கள் பங்கில் தெருவுக்கு ஒரு அன்பியம் உண்டு. மாதம் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடி ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, சுண்டல் சாப்பிட்டுக் கலைவோம். படத்தைப் படுக்கையறைக்குள் வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்" என்றாள். ஜெபம் ஆரம்பிப்பதற்கு முன்னால் மூலைவீட்டு அக்கா படத்துக்கு முன்னால் போய் நின்றார். பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதா எவ்வளவு சாந்தமா இருக்காங்க பாருங்க" என்றார்.

நான் பாயை விரிக்கப் போனேன். அவர் என்னை நிறுத்தினார்.

"தலையில வெள்ளை முக்காடு. கீழ பாருங்க, நீலமா பாம்பு. மாதா மிதிக்கிறாங்க இல்ல, அதான்."

இன்னும் இரண்டு பேர் போய்ப் பார்த்து ஆமாம் என்றார்கள். ஒருவர் தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டு கிள்ளிப் படத்தின் மேல்விளிம்பில் வைத்தார். அன்றைய ஜெபமாலை ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரங்களும் என் ஹாலில், வாய் இல்லாத அந்த உதிரி பாகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டன. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் காரியம் நடந்துவிடக் கூடாதே என்று நான் தனியாக ஒரு அருள்நிறை சொன்னேன்.

சுண்டல் சாப்பிடும்போது அந்த அக்காவே என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. மாதாவுக்கு ஏன் வாய் வைக்கல? வரையறவங்க மனசுல எதனா கஷ்டமா?"

"இல்லீங்கக்கா, பெயின்ட் தீர்ந்துபோச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் சுண்டல் தட்டோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குச் சுண்டல் நெஞ்சில் நின்றது. கேரல் பாடிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே முடிந்துவிடுகிற சிரிப்பு.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் மாத்திரை என்றுதான் சொல்ல வேண்டும். வாய் இல்லை, கை கட்டியிருக்கிறது, ஒரு கண் காணோம். இருபத்தேழு வருசக் கல்யாண வாழ்க்கைக்கு ஒருத்தி கொடுத்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் என்றால் இதுதான். அதை நானே நாற்பது பேர் முன்னால் வாசிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். ஜோக் அடித்தால் அவள் தூரிகையைக் கீழே வைத்துவிடுவாள். பொய் சொல்லலாம் என்றால், அருமையாக இருக்கிறது, வண்ணங்கள் பேசுகின்றன என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவன் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஆட்டோவில் படத்தை ஏற்றி அனுப்பிவிட்டு, அவள் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். மாடி ஹாலில் எல்.கே.ஜி. பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பெரியவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் ஒன்பது படங்கள். அன்பியத்திலிருந்து நாலு குடும்பம் வந்திருந்தது. நான் பேசுகிறேன் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். படம் பார்க்க வந்த முகமாக அவர்கள் முகம் இல்லை, பட்டிமன்றம் பார்க்க வந்த முகம்.

முதலில் லாரி புரோக்கர் ஒருவர் எழுந்து தன் மனைவி வரைந்த மலையைப் பற்றிப் பேசினார். "இது ராயக்கோட்டை மலை. கீழ தெரியறது நம்ம லாரி" என்றார். லாரி எங்கேயும் இல்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்து ஒரு மாமியார். "என் மருமவ மயில் வரைஞ்சிருக்கா. சரியா சொன்னா இது முட்டைகோசு. ஆனா அவ மயிலுன்னு நெனச்சுத்தான் வரைஞ்சிருப்பா. அவ மனசு எனக்குத் தெரியும்" என்றார். மருமகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நன்றாக எல்லோரும் பேசுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எழுந்து போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். நான் நிற்பதற்குள்ளேயே அன்பியம் வரிசையில் பல் தெரிய ஆரம்பித்துவிட்டது. சட்டைப் பையில் எழுதி வைத்த தாள் வேர்வையில் நமுத்த அப்பளமாகியிருந்தது. கண்ணுக்கு எதிரில் அமைதி. என் கை அரித்தது.

"இந்தம்மாவுக்கு வாய் இல்ல" என்று ஆரம்பித்தேன். "அதனால இவங்க வீட்டுக்காரர்..."

மூலைவீட்டு அக்கா சிரிப்பதற்குத் தயாராக வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் மனைவியைத் தேடினேன். கதவோரம் நின்றிருந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். நான் இன்னும் சொல்லவேயில்லை. என்ன சொன்னாலும் சிரித்துவிடுவது என்று முன்கூட்டியே மாட்டிக்கொண்டு நின்ற சிரிப்பு.

நிறுத்திவிட்டேன். ஜோக்கின் பாதி எனக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. எல்லோரும் காத்திருக்கிறார்கள். பின்னால் ஒரு ஃபேன் டக்டக்கென்று அடிக்கிறது. முகத்தை அவர்களிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் நான் படத்தின் பக்கம் திரும்பினேன். வெட்கத்தில் ஒருத்தன் சுவரைப் பார்த்து நிற்பானே, அப்படி. வேறு பார்க்க எதுவும் இல்லாததால் படத்தைப் பார்த்தேன். என் புத்தி எனக்குத் தெரிந்த ஒரே தொழிலுக்கு ஓடியது.

"எங்க கம்பெனியில ஒரு பாகத்துக்கு டிராயிங் போட்டா மூணு தோற்றம் போடுவாங்க" என்று சுவரைப் பார்த்தே சொன்னேன். "நேரா பார்த்தா எப்படி இருக்கும், மேலேயிருந்து பார்த்தா எப்படி இருக்கும், பக்கத்துலயிருந்து பார்த்தா எப்படி இருக்கும். மூணையும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல போடுவாங்க. தெரியாதவங்க பார்த்தா உடைஞ்ச சாமான் மாதிரி தெரியும்."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. விரலை வட்டத்தின் மேல் வைத்தேன்.

"இது மேலேயிருந்து பார்த்த தோற்றம். தலை, தோள், முன்னால நீட்டின கை. உட்கார்ந்திருக்கறவங்களை நின்னுகிட்டு இருக்கறவன் பார்த்தா இப்படித்தான் தெரியும். இந்த மூக்கும் காதும் பக்கத்துத் தோற்றம். பக்கத்துல உட்கார்ந்தவனுக்கு ஒரு கண்ணுதான் தெரியும். அதான் இன்னொரு கண்ணு இல்ல. தப்பு ஒண்ணும் இல்ல. சரியாத்தான் இருக்கு."

மூன்றாவது எங்கே என்று தேடினேன். நடுவில், இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. அந்த இடத்தில் தூரிகை நாலைந்து முறை போய் வந்த தடம் தெரிந்தது. வரைந்து அழித்ததா, வரைய முடியாமல் விட்டதா, தெரியவில்லை. அளவெடுத்தபோது இதை நான் வெறும் பின்னணி என்று நினைத்து எழுதாமல் விட்டிருந்தேன்.

"நேரா பார்த்த தோற்றம் இல்ல" என்றேன். "அது இல்லாம நாங்க டிராயிங்கை ஒத்துக்கவே மாட்டோம். அதுதான் முதல்ல வேணும். அது ஏன் இல்லைன்னா... நேரா பார்க்க வேண்டிய ஆளு பார்க்கல. காலையில அவங்க கீழ உட்கார்ந்து டப்பா கட்டும்போது நான் நின்னுகிட்டு காபி குடிக்கிறேன். சாயந்திரம் பக்கத்துல உட்கார்ந்து டிவி பார்க்கிறேன். தலையில இவ்வளவு வெள்ளை இருக்கு. எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. வாய் என்ன சொல்லுதுன்னும்..." அதற்கு மேல் வரவில்லை. "இதுதான் எனக்குத் தெரியுது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கை தட்டவும் இல்லை. என் ஐம்பத்திரண்டு வருசத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அரிப்பெடுக்காமல் தாண்டியது அதுதான் முதல் தடவை. யாருடைய போனோ அடித்தது.

"ஆயித்து, முடிஞ்சுது" என்றார் டீச்சர். "அடுத்தவங்க வாங்க."

எல்லாம் முடிந்து, டீயும் பிஸ்கட்டும் ஆகி, கீழே இறங்கும்வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பின்னாலேயே போனேன். அவமானப்படுத்திவிட்டேனா? வீட்டு விஷயத்தை அன்பியம் முன்னால் கொட்டிவிட்டேனா? ஜோக்கே அடித்திருக்கலாமோ?

வண்டிக்குப் பக்கத்தில் போய் சீட்டைத் தூக்கினாள். உள்ளே பழைய தினசரித் தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு மூட்டை. பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. தூரிகைகள் தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கழுவி, காய வைத்து, பெயின்ட் டியூப்களோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். வகுப்பில் அவளுக்கென்று ஒரு அலமாரித் தட்டு உண்டு. சாமான் எப்போதும் அங்கேதான் இருக்கும்.

"இது ஏன் இங்க இருக்கு?"

"நேத்தே எடுத்துட்டு வந்துட்டேன். இன்னிக்கு நீங்க சிரிக்க வெச்சிட்டீங்கன்னா இனிமே வர மாட்டேன்னு டீச்சர்கிட்ட சொல்லியிருந்தேன்."

பக்கத்து வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள் முழுக்க நான் என் மானத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, இவள் மூட்டை கட்டி முடித்துவிட்டிருக்கிறாள்.

"பாதியில நிறுத்தினீங்களே, அந்த ஜோக் என்னது?"

"வேணாம்மா."

"சொல்லுங்க."

சொன்னேன். "அதுல சிரிப்பே இல்லீங்களே" என்றாள். பிறகு சீட்டை மூடாமல் கையை அதன் மேல் வைத்தபடி, "இன்னொண்ணு. அது நான்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள்.

"என்னது?"

"படத்துல இருக்கறது நான் இல்லீங்க."

அப்புறம்தான் சொன்னாள். அவள் வேலை பார்ப்பது எலக்ட்ரானிக் போர்டு அசெம்பிள் செய்கிற இடத்தில். அங்கே தலைமுடி வெளியே தெரியாமல் மடிப்பு வைத்த வெள்ளைத் தொப்பி, மூக்கு பாதிவரை மாஸ்க். உடம்பில் இருக்கிற கரண்ட் போர்டைக் கெடுத்துவிடாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் நீலச் சுருள் ஒயரை மேசையில் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்து ஸ்டேஷனில் பதினோரு வருசமாக ஒரு பெண். ஊர் சாமல்பட்டிப் பக்கம். லைன் நிற்கக் கூடாது என்பதால் ஒருத்தி சாப்பிடப் போகும்போது மற்றவள் இரண்டு வேலையும் பார்க்க வேண்டும். அதனால் ஒருநாளும் சேர்ந்து சாப்பிட்டதில்லை. பஸ் ரூட்டும் வேறு வேறு.

"பக்கத்துல உட்கார்ந்தா காதும் மூக்கும் தெரியும். நான் சாப்பிட்டுட்டு வந்து நிக்கும்போது அவ குனிஞ்சிருப்பா, தொப்பிதான் தெரியும். எம்புட்டோ பேசியிருக்கோம். அவ பொண்ணு கல்யாணம் வரைக்கும் எல்லாம் தெரியும். போன மாசம் வேலையை விட்டுட்டுப் போயிட்டா. சரி, வரையலாம்னு உட்கார்ந்தேன். வாய்கிட்ட வந்தேன், வரல. அவ வாயை நான் பார்த்ததே இல்லைங்க."

"அப்ப தலையில வெள்ளை..."

"தொப்பி. என் தலை இன்னும் அவ்வளவு வெளுக்கல. பார்த்துக்குங்க."

"கயிறு?"

"ஒயருங்க. யாரு கயிறுன்னது?"

நாற்பது பேர் முன்னால், யாரோ ஒரு அம்மாவின் தொப்பியைக் காட்டி என் குடும்ப வாழ்க்கையை ஒப்புக்கொண்டிருக்கிறேன். அன்பியத்தில் நாலு குடும்பம் கேட்டிருக்கிறது. இனி அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்கென்று தனி ஜெபமே வைப்பார்கள். "மேல போய் டீச்சர்கிட்ட ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லிட்டு வந்துடட்டுமா?" என்றேன்.

"வேணாம். சொன்னதை வாபஸ் வாங்கிடாதீங்க."

மூட்டையை எடுத்துக்கொண்டு அவளே மாடி ஏறினாள். திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது.

போகிற வழியில் ஸ்டேஷனரிக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாள். உள்ளே போய் வந்தவளுக்குப் பின்னால் கடைக்காரர் ஒரு வெறும் கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தினதைப் போல ஒன்றரை மடங்கு. கதவு மாதிரி இருந்தது.

"இது எதுக்கு?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை சாமல்பட்டி போறோம். அவளை உட்கார வெச்சு நேரா பார்த்து வரையப் போறேன். நீங்களும் வாங்க. அவ வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் ஜோக் சொல்லிட்டிருங்க, உள்ள வராம."

"இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோறது? ஆட்டோ சொல்லட்டா?"

"நீங்க இருக்கீங்க இல்ல."

அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் அகல விரித்து அந்தக் கேன்வாஸைப் பிடித்துக்கொண்டேன். ஹைவே மேம்பாலத்தில் ஏறியதும் காற்று அதைப் பாய்மரமாக்கிவிட்டது. பெங்களூர் லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு போனது. வண்டி ஒரு முழம் வலது பக்கம் நகர்ந்தது. என் வயிறு என்னைவிட முந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"மெதுவா போம்மா! பறந்துரும்!"

"பேசாம புடிங்க."

சிக்னலில் நின்றபோது டிராபிக் போலீஸ்காரர் பக்கத்தில் வந்து, கேன்வாஸை முன்னும் பின்னும் பார்த்தார். இரண்டு பக்கமும் வெள்ளையாகவே இருந்தது.

"என்ன சார் இது? ஒண்ணுமே இல்லையே!"

எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"இன்னும் வரையல சார்" என்றாள். பச்சை விழுந்ததும் கிளப்பினாள்.